காற்றுக்கு எத்தனை அங்குலம்

பெரியவரின் வண்டி டாஷ்போர்டில் மூன்று தோட்டாக்கள் நின்றுகொண்டிருக்கும். வண்டி நிற்கிறவரைதான் அவையும் நிற்கும். கிளம்பியதும் சாய்ந்து, உருண்டு, கண்ணாடிக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு வழியெல்லாம் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே வரும். ஒன்று .243 வின்செஸ்டர், ஒன்று .270 வின்செஸ்டர், மூன்றாவது 6.5 கிரீட்மோர். முதலாவது அவருடைய பேத்தியின் துப்பாக்கிக்கு. இரண்டாவது அவருடையதற்கு. மூன்றாவது, "இதைச் சுட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்" என்று மருமகன் கொடுத்துவிட்டுப் போனது. நாலு வருடமாக அது டாஷ்போர்டில்தான் உருள்கிறது.

நான் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். பெரியவரும் அங்கேதான், ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. இங்கே வருவதற்கு முன் முப்பந்தலில் ஒன்பது வருடம் இதே வேலை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் வருகிற காற்றில் கோபுரத்தின் மேல் நின்றவனுக்கு வயோமிங் காற்று புதிதாக இருக்காது என்று நினைத்துத்தான் வந்தேன். அந்த நினைப்பு முதல் குளிர்காலத்தோடு சரி. இங்கே காற்றுக்குப் பயந்து நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள், லாரி கவிழும்.

வேட்டைக்குப் போக ஆரம்பித்தது கிரீன் கார்டு வந்த பிறகு. வேட்டைக் கல்வி வகுப்பு, தேர்வு, உரிமத்துக்குக் குலுக்கல் என்று எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்றேன். குலுக்கலில் பெயர் வந்த அன்றைக்கு நான் கேட்ட முதல் கேள்வி எல்லாரும் கேட்பதுதான்: எந்தத் தோட்டா?

இதற்கு மேல் போவதற்குள் ஒரு சொல் பிரச்சினையைத் தீர்த்துக்கொள்வோம். நம் செய்தித்தாள்களில் தோட்டா என்றால் பறந்து போய்த் தைப்பதும் அதுதான், பெட்டிக்குள் இருப்பதும் அதுதான். இந்தக் கட்டுரையில் தோட்டா என்பது முழுச் சாமான்: பித்தளைக் கூடு, அடியில் கேப், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. பறப்பது குண்டு மட்டும். தோட்டாவின் பெயரில் இருக்கிற எண் ஏறக்குறைய அந்தக் குண்டின் விட்டம்: .243, .270 என்றால் அங்குலக் கணக்கு, 6.5 என்றால் மில்லிமீட்டர். குண்டின் எடையை இங்கே கிரெயின் கணக்கில் சொல்வார்கள். எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை, பவுனுக்கு மாற்றிக்கொள்ளும்வரை. .270-இன் வழக்கமான 130 கிரெயின் குண்டு 8.4 கிராம், ஒரு பவுனுக்குக் கொஞ்சம் கூட. .243-இன் 100 கிரெயின் குண்டு முக்கால் பவுனைத் தாண்டி ஒரு பொட்டு. 6.5 கிரீட்மோரில் போடுகிற 143 கிரெயின் குண்டு ஒரு பவுனும் ஒரு மூக்குத்தியும். இப்படிச் சொன்னதும் என் மனைவி ஒரே நிமிடத்தில் புரிந்துகொண்டாள். எடை குறைவானது வேகமாகப் போகும், கூடுதலானது கொஞ்சம் மெதுவாகப் போகும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் .243-க்கு நொடிக்கு சுமார் 900 மீட்டர், .270-க்கு 930, கிரீட்மோருக்கு 820.

இனி, சுடப்போகும் விலங்கு. ஷெர்லி பேசின் என்ற இடம் காஸ்பருக்கும் மெடிசின் போவுக்கும் நடுவில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். மரம் என்று ஒன்று கிடையாது. முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிற சேஜ் புதர், நடுவில் காய்ந்த புல், அதற்கு மேல் வானம். அந்த வெட்டவெளியில் இருப்பது பிராங்ஹார்ன். நம் கோடியக்கரை வெளிமானைப் பார்த்தவர்களுக்கு முதல் பார்வையில் ஏதோ உறவுக்காரன் போலத் தோன்றும். அதே வெள்ளை வயிறு, அதே பதற்றம். ஆனால் உறவே இல்லை. இது மானும் இல்லை, ஆடும் இல்லை. அந்தக் குடும்பத்தில் உயிரோடு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். உயிரோடு இருப்பவற்றில் நெருங்கிய சொந்தம் ஒட்டகச்சிவிங்கியும் ஒகாபியும். கொம்பின் மேல் உறையை வருடத்துக்கு ஒரு தடவை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். இன்றைக்கு அதைத் துரத்த இங்கே அவ்வளவு வேகமான விலங்கு எதுவும் கிடையாது. முன்பு இந்தக் கண்டத்தில் வாழ்ந்து அழிந்துபோன, சிவிங்கிப்புலி போன்ற பூனைக்குப் பயந்து ஓடிப் பழகிய கால்கள் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். துரத்தியவன் போய்விட்டான், ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

எடை அதிகமில்லை. பெட்டை 40, 45 கிலோ. நம் ஊர்க் கணக்கில் ஒரு பெரிய கிடா. தோலும் மெல்லியது. ஆகவே இதற்குப் பெரிய தோட்டா தேவையில்லை. பிரச்சினை அதன் கண். உங்களை ஒரு மைல் தூரத்திலேயே பார்த்துவிடும். மறைந்து போக மரம் இல்லை. அதனால் "தூரத்திலிருந்து சுட வேண்டும், அதற்கு ஏற்ற தோட்டா வேண்டும்" என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது.

துப்பாக்கிக் கடைக்காரர் ஒரு .300 வின்செஸ்டர் மேக்னத்தை, மருந்து அதிகம் பிடிக்கிற பெரிய தோட்டாவுக்கான துப்பாக்கியை, எடுத்து மேசையில் வைத்தார். பழையது, விலை நன்றாக இருந்தது. "இந்த வெட்டவெளிக்கு இதுதான், எல்க்குக்கும் ஆகும்" என்றார். எல்க் என்பது இங்கத்திய பெரிய மான். எல்க் உரிமம் எனக்கு எந்தக் காலத்தில் கிடைக்கப் போகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஊரில் புல்லட் வண்டி வாங்கும்போது எந்த மூளை வேலை செய்யுமோ அதே மூளைதான் அன்றைக்கும் வேலை செய்தது.

முதல் வெடியிலேயே துப்பாக்கி மேலிருந்த தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தில் வந்து இறங்கியது. முகத்தை மிகவும் முன்னால் வைத்திருந்தேன். ரத்தம் மூக்கின் மேல் வழிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் பதறவில்லை. அந்த அரைவட்டத் தழும்பு அங்கே பாதிப் பேர் புருவத்தில் இருக்கிறது. காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆறாதது வேறு ஒன்று, அதைக் கண்டுபிடித்தவர் பெரியவர்.

அவர் என் துப்பாக்கியை வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, தோட்டா போட்டு என்னிடம் கொடுப்பார். நான் சுட வேண்டும். மறுபடி வாங்குவார், திருப்பிக்கொள்வார், கொடுப்பார். நாலாவது தடவை விசையை இழுத்தேன். "டிக்" என்றது. உள்ளே தோட்டா இல்லை. ஆனால் வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் குழல் முனை நாலு விரற்கடை கீழே தாழ்ந்து எழுந்தது. கண் மூடியிருந்தது, தோள் முன்னால் குத்தியிருந்தது. நான் எதுவும் செய்யவில்லை. என் உடம்பு அடியை எதிர்பார்த்துத் தானாகவே செய்தது.

"பார்த்தாயா," என்றார் பெரியவர். "நீ சுடவில்லை. அடி வாங்கத் தயாராகிறாய்."

அந்தத் துப்பாக்கி தோளில் கொடுக்கிற உதை .270-இன் உதையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. .243-இன் உதை .270-இல் பாதிதான். வாங்கிய விலைக்குக் கொஞ்சம் குறைவாக மேக்னத்தை விற்றேன். அதற்குப் பிறகு யார் என்னிடம் தோட்டா பற்றிக் கேட்டாலும் முதலில் நான் திருப்பிக் கேட்பது, "ஒரு மத்தியானத்தில் இதை முப்பது தடவை சுட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவாயா?" என்பதுதான். குறி தப்பிய பிராங்ஹார்ன் ஓடிவிட்டால் பரவாயில்லை. குடலில் பட்டு ஓடினால் அந்த நாளை மறக்க முடியாது. பெரியவருக்கு அப்படி ஒரு நாள் இருக்கிறது; அதைப் பற்றிப் பேச மாட்டார்.

சரி, வெட்டவெளிக்கு என்று ஒரு தோட்டா எப்படி உருவானது? இதன் கதை 1925-இல் .270 வின்செஸ்டரோடு ஆரம்பிக்கிறது என்று சொல்லலாம். ராணுவத்தின் .30-06 தோட்டாவின் குடும்பத்தைச் சேர்ந்த கூடு, அதன் கழுத்தை ஒடுக்கி மெல்லிய குண்டு, அதனால் வேகம். ஜாக் ஓகானர் என்ற வேட்டை எழுத்தாளர் வாழ்நாள் முழுக்க இதற்காக எழுதினார். அந்தக் காலத்தில் வேகத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. எதிரே நிற்கும் விலங்கு 200 கஜமா 300 கஜமா என்று கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். மரம், வீடு, மின்கம்பம் எதுவும் இல்லாத நிலத்தில் கண் ஏமாறும். ஒரு சிறு பள்ளம் நடுவில் இருந்தால் இன்னும் மோசம். வேகமான குண்டு அந்தத் தப்பை மன்னிக்கும். கொஞ்சம் மேலே குறி ஒழுங்கு செய்து வைத்துவிட்டால், 300 கஜம் வரைக்கும் கணக்கே பார்க்காமல் நடு மார்பில் வைத்துச் சுடலாம். .25-06 இதே குணத்தோடு பல காலம் பட்டறைகளில் கையால் செய்யப்பட்டு, 1969-இல்தான் ரெமிங்டன் பெயரோடு கடைக்கு வந்தது. இந்தப் பக்கத்துப் பழைய ஆட்களில் சிலர் பிராங்ஹார்னுக்கு அதைத் தவிர வேறு எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் லேசர் தூரமானி வந்தது. கையடக்கமாக, சட்டைப் பைக்குத் தாங்குகிற விலையில். பொத்தானை அழுத்தினால் 287 என்று எண் வருகிறது. தூரம் தெரிந்துவிட்டால் குண்டு எவ்வளவு தாழும் என்பது வாய்ப்பாடு. ஈர்ப்பு விசை ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றுதான், திங்கட்கிழமையும் ஒன்றுதான். 200 கஜத்துக்குக் குறி ஒழுங்கு செய்த .270, 300 கஜத்தில் ஒரு சாணுக்கும் குறைவாகத் தாழும், 400-இல் ஒரு முழத்துக்குப் பக்கமாக. ஒரு துண்டுத் தாளில் எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிவிடலாம். ஓகானர் காலத்து வாதத்தில் பாதி அந்தப் பொத்தானோடு முடிந்துபோனது. ஆனால் கடைகளிலும் வேட்டைக்காரர்கள் காப்பி குடிக்கும் இடங்களிலும் இன்னும் அந்த வாதம்தான் ஓடுகிறது.

மிச்சம் இருப்பது காற்று. அது ஒட்டாது, எழுதி வைக்க முடியாது.

காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஓர் அழகான கணக்கு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் நினைத்தது, குண்டு பறக்கும் நேரம் முழுவதும் காற்று அதைத் தள்ளுகிறது என்று. அப்படி இல்லை. 300 கஜம் என்பது 274 மீட்டர். கிரீட்மோர் குண்டு வெற்றிடத்தில் போயிருந்தால் அதைக் கடக்க 0.333 நொடி. காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டியிருப்பதால் உண்மையில் ஆவது சுமார் 0.361 நொடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது தாமதம், 0.028 நொடி. இந்தத் தாமதத்தைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல். மணிக்கு 10 மைல் காற்று என்றால் நொடிக்கு நாலரை மீட்டர். விலகல் சுமார் 12 சென்டிமீட்டர். அவ்வளவுதான். ஆக, காற்றை ஏமாற்ற வேண்டும் என்றால் வேகம் மட்டும் போதாது, தாமதம் குறைய வேண்டும். நீளமான, ஊசி போன்ற குண்டு மெதுவாகக் கிளம்பினாலும் வழியில் அதிகம் இழக்காது.

2007-இல் ஹார்னடி நிறுவனம் கிரீட்மோரைக் கொண்டுவந்தபோது செய்தது இதைத்தான். போட்டிச் சுடுதலுக்காகப் பிறந்த தோட்டா அது. கூட்டைக் குட்டையாக்கி, நீளமான குண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க இடம் விட்டார்கள். நீளமான குண்டு நிலையாகச் சுழல, குழலுக்குள் திருகாக ஓடுகிற வரிகள் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. பழைய .270 குழலில் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். மிக நீளமான குண்டுகளைப் போட்டால் அதில் நிலைகொள்ளாது. மருமகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உதையும் .270-ஐவிடக் குறைவு.

ஆனால் அதே கணக்கை மற்ற இரண்டுக்கும் போட்டுப் பார்த்தேன். அதே 300 கஜம், அதே 10 மைல் காற்று. .270-இன் சாதாரண 130 கிரெயின் குண்டு 14, 15 சென்டிமீட்டர் விலகும். .243 ஏறக்குறைய 18. மூன்றில் நல்லதுக்கும் மோசமானதுக்கும் இடையே ஒரு தீப்பெட்டியின் நீளம். இந்தத் தீப்பெட்டிக்காகத்தான் மாமனாரும் மருமகனும் ஒவ்வொரு நன்றி அறிதல் விருந்திலும் சண்டை போடுகிறார்கள். காற்றை 10 மைல் என்று நான் நினைத்து, அது 15 ஆக இருந்தால்? எந்தத் தோட்டாவாக இருந்தாலும் அந்தத் தப்புக்கு மட்டும் 6-இலிருந்து 9 சென்டிமீட்டர். தோட்டாவை மாற்றி நான் சம்பாதிக்கிற தீப்பெட்டியை, காற்றைத் தப்பாகப் படிக்கிற ஒரே நொடியில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

இதைப் படித்தவர்கள், "நீதான் காற்று இஞ்சினியர் ஆயிற்றே" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது வருடம், பழைய .270 ஒன்றை வாங்கி, தோளையும் கண்ணையும் பழக்கி, ஒரு பெட்டை பிராங்ஹார்ன் முன்னால் படுத்திருந்தேன். 285 கஜம். அன்று காலையில் அலுவலகத் திரையில் பார்த்த எண் மனதில் இருந்தது: நொடிக்கு 12 மீட்டர். இடது பக்கத்திலிருந்து நேர்க் குறுக்காக அடித்தது. கணக்குப் போட்டு, காற்று வரும் பக்கமாக ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளிக் குறி வைத்தேன். விசை சுத்தமாக இழுபட்டது. கண் மூடவில்லை. விலங்கின் முகத்துக்கு முன்னால் காற்றைத் தவிர வேறு எதுவும் இல்லாத இடத்தின் வழியாகப் போய், பின்னாலிருந்த சரிவில் தூசி கிளப்பியது குண்டு. பெட்டை திரும்பித் தூசியைப் பார்த்தது. அப்புறம் கிளம்பியது. அதன் பின்பக்கத்து வெள்ளை முடி சிலிர்த்து, ஒரு வெள்ளைத் தட்டு போலத் தூரத்தில் குறுகிக்கொண்டே போனது.

திரையில் இருந்த 12 மீட்டர், தரையிலிருந்து 80 மீட்டர் உயரத்தில் சுழலியின் முதுகில் இருக்கும் காற்றுமானி சொன்னது. நான் படுத்திருந்தது புதருக்கு நடுவில். தரைக்குப் பக்கத்தில் காற்று மண்ணிலும் புதரிலும் உராய்ந்து தளர்ந்துவிடும். எவ்வளவு தளரும் என்பதற்கு எங்கள் தொழிலில் பாலபாடமாக ஒரு சூத்திரம் உண்டு. அதைப் போட்டால் ஆள் மார்பு உயரத்தில் 12 மீட்டர் என்பது 7-க்கும் கீழே வந்துவிடும். முப்பந்தலில் பயிற்சிக்கு வருகிற பையன்களுக்கு நானே கரும்பலகையில் எழுதிப் போட்ட சூத்திரம். விலங்கைப் பார்த்ததும் எல்லாம் பறந்துபோயிற்று. பெரியவரிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

இன்னொரு சங்கதி உயரம் சம்பந்தப்பட்டது. 2,100 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எங்கள் சுழலிகளுக்கு அது நஷ்டம், அதே வேகத்தில் மின்சாரம் குறையும். குண்டுக்கு லாபம், தாமதம் குறையும். பெட்டியில் அச்சிட்டிருக்கிற அட்டவணைகள் பெரும்பாலும் கடல்மட்டக் கணக்கு. இங்கே நிஜம் அதைவிடக் கொஞ்சம் தாராளமாக இருக்கும். அந்தத் தாராளத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கையிருப்பாக வைத்துக்கொள்கிறேன்.

ஆக, கடைசியில் எந்தத் தோட்டா? நான் .270-ஐயே வைத்துக்கொண்டேன். அதுதான் சிறந்தது என்பதற்காக இல்லை. நல்ல நிலையில் பழைய துப்பாக்கி கிடைத்தது, தோள் ஒத்துக்கொண்டது, காஸ்பரிலோ ராலின்ஸிலோ எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் தோட்டா இருக்கும். புதிதாக ஆரம்பிக்கிறவர் கேட்டால் கிரீட்மோர் என்பேன், தயங்காமல். சின்னப் பிள்ளைகளுக்கும் உதை பிடிக்காதவர்களுக்கும் .243, ஆனால் 200 கஜத்துக்குள் போகச் சொல்வேன். 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், .300 எல்லாம் பிராங்ஹார்னுக்குத் தேவையே இல்லை. முன்சப்பை இறைச்சி ரத்தம் கட்டிக் கூழாகிவிடும். புதிது புதிதாக வருகிற பெயர்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது. இருந்தாலும் காசு கிடையாது.

தோட்டாவின் பெயரைவிட அதன் வாயில் இருக்கும் குண்டு எது என்பதில் நான் அதிக நேரம் செலவழித்தேன். ஜான் நோஸ்லர் என்ற மனிதர் 1946-இல் கனடாவில் மூஸ் என்ற பெரிய மான் ஒன்றைச் சுட்டார். சேறு காய்ந்து கெட்டியான அதன் தோலில் பட்டு, வேகமான குண்டுகள் உள்ளே போகாமல் மேலேயே சிதறின. அந்த எரிச்சலில் அவர் நடுவில் தடுப்புச் சுவர் வைத்து ஒரு குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி கலையாமல் ஊடுருவும். இன்றும் அது விற்கிறது. பிராங்ஹார்னுக்கு அவ்வளவு கனமான வேலை கிடையாது. நான் போடுவது முழுச் செம்புக் குண்டு, ஈயம் இல்லாதது. காரணம் கழுகு.

விலங்கைச் சுத்தம் செய்து குடலை அங்கேயே விட்டுவிட்டு வருவோம். ஒரு மணி நேரத்தில் பொன்னாங்கழுகு வந்து இறங்கும். ஈயக் குண்டு உடம்புக்குள் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகக் குடல் முழுக்கப் பரவும். அதைத் தின்கிற கழுகு விஷத்தில் சாகும். கலிபோர்னியாவில் காண்டோர் கழுகுகளுக்காக ஈயக் குண்டோடு வேட்டையாடுவதை 2019 ஜூலையிலிருந்து முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். வயோமிங்கில் தடை இல்லை. ஆனால் என் வேலையில் பாதி நாள் கழுகைப் பற்றித்தான் பேச்சு. கழுகு பக்கத்தில் வந்தால் சுழலியை நிறுத்துகிறோம், அதற்குப் படிவம் நிரப்புகிறோம். வாரநாளில் கழுகுக்காக இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சனிக்கிழமை அதற்கு விஷம் வைக்க மனம் வரவில்லை. செம்பு எடை குறைவானதால் காற்றில் கொஞ்சம் கூடுதலாகத் தாமதமாகும். 300 கஜத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போகிறது. மெதுவாகிவிட்டால் சரியாக விரியவும் செய்யாது. அதனால் எனக்கு நானே 250 கஜம் என்று கோடு போட்டுக்கொண்டேன். விலகல் தூரத்தின் இருமடிக்கு நெருக்கமாக ஏறும். 300-லிருந்து 200-க்கு வந்தால் பாதிக்கும் கீழே விழுந்துவிடும். எந்தத் தோட்டாவும் தராத லாபம் அது, இலவசமாக. முழங்காலைக் கேட்காமல் இருந்தால்.

போன அக்டோபரில் முழங்காலைக் கேட்கவில்லை. பெட்டைக்கான உரிமம் கையில். 2022-23 குளிர்காலம் மாநிலத்தின் மேற்கே ஏராளமான பிராங்ஹார்னைக் கொன்றுவிட்டது, உரிமங்களையும் வெட்டிவிட்டார்கள். கிடைத்ததை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் இருந்தது. இந்த விலங்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டம் முழுவதும் சேர்த்தே பத்துப் பதினைந்தாயிரம்தான் மிஞ்சியிருந்தது. மீட்டெடுத்த பணத்தில் ஒரு பங்கு, துப்பாக்கி மேலும் தோட்டா மேலும் போடுகிற வரியிலிருந்து, 1937-இல் வந்த ஒரு சட்டத்தின்படி வந்தது. இதை ஊரில் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "மானையா அடிக்க? பிடிச்சிட்டுப் போயிற மாட்டாவளா?" என்று கேட்டாள். நம் ஊரில் வெளிமானைச் சுட்டால் மூன்று வருடத்துக்குக் குறையாமல் உள்ளே. அவள் பயம் நியாயமானது.

காலை எட்டு மணிக்கு ஒரு கூட்டம், பதினோரு பெட்டைகள், 410 கஜத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. பெரியவரின் மருமகன் இருந்திருந்தால் அங்கேயே படுத்துச் சுட்டிருப்பார். நான் ஆரஞ்சு நிறத் தொப்பியோடு ஒரு வறண்ட ஓடைக்குள் இறங்கி, அதன் வளைவில் நடந்து, வளைவு தீர்ந்த இடத்தில் ஊர்ந்தேன். இந்த நிலத்தில் தரையோடு தரையாகச் சப்பாத்திக்கள்ளி முளைத்துக் கிடக்கும், புல்லுக்குள் தெரியாது. நம் ஊர் சப்பாத்திக்குச் சொந்த ஊர் அமெரிக்கா என்று படித்திருக்கிறேன். வலது முழங்காலில் அது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. வாயை மூடிக்கொண்டு ஊர்ந்தேன். ஒரு கிழட்டுப் பெட்டை தலையைத் தூக்கி என் பக்கமாகப் பார்த்துக்கொண்டே நின்றது. நான் முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டு சேஜ் இலையின் கற்பூர வாசனையை ஐந்து நிமிடம் சுவாசித்தேன்.

தூரமானி 192 என்றது. பையின் மேல் துப்பாக்கியை வைத்தேன். இந்தத் தடவை திரை எண் எதுவும் மனதில் இல்லை. எனக்குப் பக்கத்துப் புல் பாதி சாய்ந்திருந்தது. நடுவிலிருந்த புல் அதே அளவு. பெட்டைக்கு அந்தப் பக்கம் கானல் இடமிருந்து வலமாக ஓடை போல நகர்ந்தது. 15 மைல் என்று வைத்துக்கொண்டேன். மூன்று, நாலு அங்குலம். விலங்கு இடப்பக்கம் பார்த்து நின்றது. சப்பையின் முன்விளிம்பில் வைத்தேன். பக்கத்தில் நின்ற குட்டி விலகும்வரை காத்திருந்தேன். புல் ஒரு கணம் நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. சாய்ந்து நின்றபோது இழுத்தேன்.

"தொம்" என்று திரும்பி வந்த சத்தம் வெடிச்சத்தத்துக்குப் பின்னால் தனியாகக் கேட்டது. அறுபது கஜம் ஓடி, கால் பின்னி விழுந்தது. நுரையீரல் இரண்டும். நான் வைத்த இடத்திலிருந்து நாலு விரற்கடை பின்னால் துளை இருந்தது. உரிமச் சீட்டில் தேதியைப் போட்டு, கையெழுத்திட்டு, காலில் கட்டினேன். அதன் முடி உள்ளே பொள்ளலானது. தொட்ட இடமெல்லாம் கொத்தாகக் கையோடு வந்தது. இந்த இறைச்சி நாறும் என்று சொல்கிறவர்கள் தோலோடு வெயிலில் வண்டியில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றியவர்கள். ஒன்றரை மணி நேரத்தில் தோல் உரித்துப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. வண்டியைக் கிளப்பும்போது திரும்பிப் பார்த்தேன், கழுகு வந்திருந்தது.

சாயங்காலம் வீட்டில் மிளகு போட்டு வறுத்த வாசனைக்கு நடுவில், மனைவி இடுக்கியோடு என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினேழாவது முள்.

"நானூறு கஜத்துலேயே சுட்டிருக்கலாம்லா? அதுக்குத்தான அவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்குனீங்க?"

"காத்து," என்றேன்.

"இன்னைக்கா? கொல்லையில துணி காயப்போட்டேன், ஒரு துணிகூட பறக்கலையே."

"கொடி எத்தனை அடி உயரத்துல கட்டியிருக்கு?"

இடுக்கி கொஞ்சம் ஆழமாகவே இறங்கியது.